கம்பம் அவர்களுடையது, கம்பி நம்முடையது

தெருவுக்கு இணையம் கொடுக்கும் தொழிலில், கம்பி அறுந்தால் திட்டு விழும். அறாமல் ஓடினால் நாம் இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. ஏணியும் கட்டிங் பிளேயருமாக அலையும் சக ஆபரேட்டர்களுக்கு இது தெரிந்த கதைதான்.

மேய்ச்சல்

வில்லாபுரத்தில் என் கம்பிகள் தொங்குவது டெலிபோன் கம்பெனியின் கம்பங்களில். எக்ஸ்சேஞ்சிலிருந்து தெருமுனை வரை இணையம் வருவதும் அவர்கள் லைனில். இதுவரை கம்பத்துக்கு வாடகை மட்டும் கட்டிவந்தேன். புதிதாக வந்த அதிகாரி கூப்பிட்டு, இனி லைனில் எவ்வளவு ஓடுகிறதோ அதற்கும் தனிக் கட்டணம் என்றார். வெள்ளிக்கிழமைக்குள் சம்மதிக்காவிட்டால் இணைப்பைத் துண்டிப்பார்களாம்.

நாங்கள் வீடுவீடாக ஆள் பிடிக்காவிட்டால் உங்கள் லைன் சும்மாதானே கிடக்கும் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “மாடு உங்களுது, பாலும் உங்களுது. மேயிறது மட்டும் எங்க வயல்லயா சார்?”

டோல்கேட்

அன்று மாலையே ஆபரேட்டர்கள் சங்கம் கூடி, யாரும் சம்மதிக்கக் கூடாது என்று முடிவெடுத்தது. நான்தான் முதலில் கை தூக்கினேன். தூக்கிய கையோடு கப்பலூர் போனேன். அங்கே அட்டைப்பெட்டி தயாரிக்கும் தவமணிதான் என் பெரிய வாடிக்கையாளர். நெட் இல்லையென்றால் பில் போட முடியாது. பில் இல்லாமல் அவர் லாரி கேட்டைத் தாண்டாது.

நியாயத்துக்காகத்தான் போராடுகிறோம் என்று விளக்கினேன். பெட்டி அடுக்குவதைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கடைசியில் சொன்னார்: “அண்ணே, டோல்கேட்ல காசு கட்டுறது லாரிக்காரன். அத வாடகையில ஏத்தி என்கிட்டதான் வாங்குறான். நீங்க ஜெயிச்சாலும் தோத்தாலும் எனக்கு ரசீது வந்துரும்.”

கேட்காத காபி

வியாழக்கிழமை செல்வி வரச் சொன்னார். வில்லாபுரத்தில் வீட்டிலிருந்தபடி வெளியூர் கம்பெனி ஒன்றுக்கு ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்ப்பவர். வேலை நேரத்தில் லைன் போனால் அங்கே பதிவாகிவிடும். போன மழையில் போனதற்கே எச்சரிக்கை வாங்கியிருந்தார். இன்னொரு முறை போனால் வேலை இல்லை. வழக்கமாகக் காபி குடிக்காமல் விடமாட்டார். அன்று கேட்கவே இல்லை.

சங்கத்தின் முடிவு, கம்பெனியின் அநியாயம் எல்லாம் சொன்னேன். முடித்ததும், “ரேட்டு எம்புட்டு ஏறும்னு சொல்லுங்கண்ணே, பாத்துக்கிறேன். லைன் அந்துச்சுன்னா, யார் பக்கம் நியாயம்னு எங்க கம்பெனில கேக்க மாட்டாங்க” என்றார்.

மஞ்சள் துணி

ஒரே கம்பத்தில் பல பேர் கம்பி தொங்குவதால் ஆளுக்கு ஒரு நிறத்தில் துணி கட்டுவது நம் வழக்கம். என்னுடையது மஞ்சள். மஞ்சள் கட்டியதையெல்லாம் அறுக்கச் சொல்லி, வெள்ளிக்கிழமை காலை கம்பெனி லைன்மேன் மாயாண்டியை ஏணியோடு அனுப்பிவிட்டார்கள்.

அந்த வாரம் தெருவில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தது. கம்பத்துக்குக் கம்பம் வேப்பிலையும் மஞ்சள் துணியும். மாயாண்டி ஏறினார், பார்த்தார், செருப்பைக் கழற்றிப் போடாமல் ஏறிவிட்டோமே என்பதுபோல இறங்கினார். போனில் அதிகாரி கத்துவது எனக்கே கேட்டது. மாயாண்டி நிதானமாகப் பதில் சொன்னார்: “எது அவரு துணி, எது ஆத்தா துணின்னு நீங்க வந்து ஏறிக் காட்டுங்க சார். நான் ஏணியப் பிடிச்சிக்கிறேன்.”

ஏணி தேவையில்லை

தப்பித்தோம் என்று டீ சொன்னேன். டீ வருவதற்குள் தெரு முழுக்க நெட் போனது. எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தபடியே நிறுத்திவிட்டார்கள். அதற்கு ஏணி எதற்கு? அடுத்து வந்த போன் செல்வியுடையது. அவர் பேசி முடிக்கும் முன்பே அதிகாரியின் ஆபீசுக்கு வண்டியைக் கிளப்பினேன். சங்கத்தில் முதலில் கை தூக்கியவனே முதலில் கையெழுத்தும் போட்டேன். சங்கத் தலைவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

லைன் வந்ததும் செல்வி வீட்டுக்குப் போனேன். வேலை தப்பியிருந்தது. காபியும் வந்தது. எப்படிச் சமாளித்தீர்கள் என்றேன். டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: “செல்போன் நெட்ல ஓட்டுனேண்ணே. அதுவும் அந்த டெலிபோன் கம்பெனி சிம்முதான். ரீசார்ஜும் அவங்களுக்குத்தான் போட்டேன்.”

கம்பத்துக்கு யார் காசு கொடுப்பது என்று நாம் எந்தப் பக்கம் நின்று சண்டை போட்டாலும், உண்டியல் இருப்பது ஒரே பக்கம்தான்.