பச்சைக்கும் பச்சைக்கும் பிறந்த நீலம்

கஸ்தூரி டீச்சர் காலமான செய்தியை எனக்கு முதலில் சொன்னவர் மேல்பட்டாம்பாக்கத்தில் இருக்கும் என் நாத்தனார். டீச்சரோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்தவள் நான். நெய்வேலி குவார்ட்டர்ஸில் அவர் வாசலும் என் வாசலும் எதிரெதிரே இருந்தன. ஆனாலும் எனக்கு முன்னால் நாத்தனாருக்குத்தான் தெரிந்திருக்கிறது. "வசந்தி, டீச்சரம்மா பூட்டாங்க. தூக்கத்துலயே போச்சாம் உசுரு. அவங்க புள்ள இப்பதான் போன் பண்ணுச்சு. நான் பஸ் ஏறிகினு இருக்கேன், நீயும் கெளம்பு" என்று சொன்னவர், அதற்கு மேல் பேச முடியாமல் அழ ஆரம்பித்துவிட்டார். டீச்சரின் போனில் கடைசியாகப் பேசிய எண் யாருடையதோ அவருக்குத்தான் மகன் முதலில் சொல்லியிருக்கிறார். அது என் நாத்தனாரின் எண். டீச்சரை "குருவி பிடிச்ச பொம்பள" என்று ஒரு காலத்தில் திட்டித் தீர்த்தவர் இவர்தான். அது எப்படி இப்படி ஆனது என்று சொல்லத்தான், டீச்சரை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஓய்வு பெற்றபின் டீச்சர் வடலூரில் வீடு கட்டிக்கொண்டு போயிருந்தார். நான் போனபோது வாசலில் ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கூடம் நிறையப் பழைய மாணவர்கள். பின்கட்டிலிருந்து லவ் பேர்ட்ஸ் போட்ட கூச்சலில் யார் பேசுவதும் காதில் விழவில்லை. பெரியவர் ஒருவருக்கு அது பொறுக்கவில்லை. "சாவு வூட்ல என்னப்பா இது, அந்தக் கூண்டு மேல ஒரு போர்வையப் போட்டு மூடுங்க" என்றார். டீச்சரின் மகன் அருண் எழுந்து வந்து, "வேணாங்க. அந்தச் சத்தம் இல்லன்னா அம்மாவுக்குத் தூக்கம் வராது" என்றார். அழுதுகொண்டிருந்த எல்லோரும் சிரித்துவிட்டோம். நானும் சிரித்தேன். அவர் வீட்டில் வேறு எப்படி இருக்க முடியும்?

டீச்சர் எடுத்தது விலங்கியல், நான் எடுத்தது தமிழ். மனிதர்களிடம் அவர் முகம் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை. காதைப் பார்த்துத்தான் பேசுவார். காதுமடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா, தொங்குகிறதா, புருவம் நடுவில் சேர்கிறதா என்று கண் போய்க்கொண்டே இருக்கும். பெற்றோர் கூட்டத்தில் உள்ளே வருகிறவரைப் பார்த்தவுடன் இன்னார் அப்பா என்று சொல்லிவிடுவதில் அவருக்கு ஒரு பெருமை. ஒருநாள் உள்ளே வந்தவரிடம், "பேரே சொல்ல வேண்டாம் சார், காது சொல்லுது. நீங்க கார்த்திக்கோட அப்பா" என்றார். வந்தவர் தலையைச் சொறிந்தார். "இல்ல மேடம், நான் பக்கத்து குவார்ட்டர்ஸ். அவங்கப்பா செகண்ட் ஷிப்ட். கையெழுத்து போட என்னைய அனுப்பினாரு." எங்கள் ஊரில் இது சகஜம். அப்பா ஷிப்டில் இருந்தால் அடுத்த வீட்டுக்காரர்தான் அப்பா. ஆனால் அன்றைக்கு ஆசிரியர் அறையில் யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. டீச்சரின் முகம் செக்கச்செவேல் என்றாகிவிட்டது. நல்லவேளை, வந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிய பிறகு டீச்சர் என்னிடம் சொன்னார்: "ஜாடைங்கறது வெறும் ஊகம் வசந்தி. அதைப் போய் சாட்சி மாதிரி சொல்லிட்டேன் பாரு." அன்றிலிருந்து அவர் ஜாடை பார்ப்பதை விடவில்லை, வாய்விட்டுச் சொல்வதை மட்டும் விட்டுவிட்டார்.

அவர் குவார்ட்டர்ஸ் வாசலில் அந்திமந்தாரை புதராக மண்டிக் கிடக்கும். சிவப்புப் பூவின் மகரந்தத்தை எடுத்து வெள்ளைப் பூவில் தடவி, விதையாக்கி, முளைக்கப் போட்டு ரோஸ் பூ வரவழைத்தார். இரண்டு நிறம் கலந்தால் மூன்றாவது நிறம், இதில் என்ன அதிசயம் என்று நான் கேட்டேன். "பொறு" என்றார். அந்த ரோஸ் செடியின் விதைகளைப் போட்டதில் ரோஸோடு சிவப்பும் வந்தது, வெள்ளையும் வந்தது. "பெயிண்ட்டா இருந்தா கலந்தது கலந்ததுதான். இது திரும்பி வருது பாரு. கலந்தது பூவுல மட்டுந்தான். உள்ள ரெண்டும் தனித்தனியா பத்திரமா இருக்கு" என்றார். மரபணு என்ற சொல்லை நான் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். அது என்னவென்று புரிந்தது அந்தச் சாயங்காலம்தான்.

பின்பக்க வராந்தாவை வலை அடித்துக் கூண்டாக்கியிருந்தார். உள்ளே லவ் பேர்ட்ஸ், அவை முட்டை வைக்க மண்கலயங்கள், தரையெங்கும் தினை உமி. பெரும்பாலும் பச்சை, நடுவே சில நீலம். "பச்சைதான் இதோட சொந்த நிறம். மஞ்சளைச் செய்ய மறந்துபோன பச்சைதான் நீலம்" என்பார். என்றைக்கோ ஒரு குருவியின் உடம்பில் நேர்ந்த சின்னப் பிழை, பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்கி, இன்று கடையில் போய் நீலம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறோம் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இனி என் கதைக்கு வருகிறேன். என் மகள் தேன்மொழி பிறந்தபோது எல்லாக் குழந்தைகளையும் போலத்தான் இருந்தாள். தவழ ஆரம்பித்த சமயத்தில் அவள் கண் தெளிந்தது. தெளிந்து பார்த்தால் பூனைக்கண். பச்சையும் தேனும் கலந்த நிறம். என் கணவர் பழனி மைன்ஸில் ஆபரேட்டர், நல்ல கறுப்பு. நானும் மாநிறத்துக்குக் கொஞ்சம் கீழேதான். எங்கள் இருவர் கண்ணும் கரிக்கட்டை. குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் "யார் ஜாடை?" என்று கேட்டார்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் பேச்சை மாற்றினார்கள்.

பேச்சை மாற்றாதவர் ஒருவர்தான், என் நாத்தனார் சகுந்தலா அண்ணி. மாமனார் மாமியார் இல்லாத வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம். குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினால்தான் பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை. நாள் குறிக்க வந்த அண்ணி குழந்தையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "எங்க வம்சத்துலயே இந்தக் கண்ணு கெடையாது. காது குத்தறத கொஞ்ச நாள் கழிச்சிப் பாத்துக்கலாம்" என்று சொல்லிக் குழந்தையை என்னிடம் நீட்டினார். அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். என் கணவர் வாயில் கொழுக்கட்டையை வைத்திருந்தவர் போல நின்றார். அண்ணி போனபிறகு, "நான் ஒண்ணும் சொல்லலியே" என்றார். "அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றேன். "அக்கா வராட்டி என்ன, நாமளே போய்க் குத்திட்டு வந்துடலாம்" என்றார். எனக்கு அது போதாது. கையை விட்டு இறக்கிய அதே ஆள் வந்து என் மகளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்குக் குறைந்து எதுவும் எனக்கு வேண்டாம்.

நான் எல்லாவற்றையும் டீச்சரிடம் சொன்னேன். அடுத்த முறை அண்ணி வந்தபோது டீச்சர் அவரை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதுவரை டீச்சரை "குருவி பிடிச்ச பொம்பள" என்று திட்டிக்கொண்டிருந்த அண்ணிக்குக் குருவிகளைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது, கூண்டை விட்டு நகரவே இல்லை. டீச்சர் ஒரு பச்சை ஜோடியைச் சின்னக் கூண்டில் விட்டுக் கொடுத்தார். "வீட்டுக்குக் கொண்டுபோங்க. உங்க கையாலயே தினை போடுங்க. வேற குருவி எதையும் பக்கத்துல விடாதீங்க. குஞ்சு என்ன நிறம்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க." அண்ணி சிரித்தார். "இதுல என்னா சொல்றது டீச்சரம்மா? பச்சைக்கும் பச்சைக்கும் பச்சைதான் பொறக்கும்."

அந்தப் பச்சை ஜோடிக்கு ஒரு நீலக் குஞ்சு பிறக்கும் என்பதுதான் டீச்சரின் கணக்கு என்று புரிந்ததும் எனக்குக் கோபம் வந்தது. என் பிள்ளைக்குச் சாட்சி சொல்ல ஒரு குருவியா என்று டீச்சரிடம் சண்டைக்கே போனேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "சாட்சி உனக்கில்ல வசந்தி. அவங்க ஒரு வார்த்தைய விட்டுட்டாங்க. அதுலேர்ந்து இறங்கி வர அவங்களுக்கு ஒரு படி வேணும்."

முதல் தடவை பொரித்த ஈட்டில் எல்லாக் குஞ்சும் பச்சை. அண்ணி போன் போட்டு, "நான் சொன்னது என்னாச்சி?" என்று கேட்டது எனக்கு நெருப்பாகச் சுட்டது. டீச்சர் கொடுத்த ஜோடியில் ஒவ்வொன்றுக்கும் பெற்றோரில் ஒன்று நீலம். அதனால் இரண்டுக்குள்ளும் நீலம் உண்டு. இரண்டு பக்கமும் நீலத்தையே கொடுத்தால்தான் குஞ்சு நீலமாகும். "நாலுல ஒண்ணுன்னு புத்தகத்துல இருக்கு. குஞ்சுக்குப் படிக்கத் தெரியாதே" என்றார் டீச்சர். எனக்குப் பொறுமை இல்லை. இங்கிருந்து ஒரு நீலக் குஞ்சை யாருக்கும் தெரியாமல் அந்தக் கலயத்தில் வைத்துவிட்டு வந்துவிடலாமே என்றேன். அவர் என்மேல் கோபப்பட்டது அந்த ஒருமுறைதான். "அவங்க பொய்யா சந்தேகப்பட்டாங்க. நீ பொய்யா ஜெயிக்கப் போறியா? ஒரு தப்பும் இல்லாத இடத்துல நாம ஏன் தப்பு பண்ணணும்?"

மகளின் முதல் பிறந்தநாளும் காது குத்தாமலேயே போனது. அதற்குச் சில வாரங்கள் கழித்து, நல்ல வெயிலில், கூண்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார் அண்ணி. என் வீட்டுக்கு வரவில்லை, நேரே எதிர்வாசலுக்குப் போனார். நான் குழந்தையோடு ஓடினேன். கூண்டுக்குள் அந்தப் பச்சை ஜோடியோடு நாலைந்து பச்சைக் குஞ்சுகள். அவற்றுக்கு நடுவே, ஆகாயத்தைக் கிள்ளிவைத்த மாதிரி ஒரு நீலக் குஞ்சு.

"டீச்சரம்மா, எங்க வூட்ல வேற குருவியே கெடையாது. கதவத் தொறந்ததுகூட நான்தான். ஒரு பூனைகூட கிட்ட வரல. இது எங்கேர்ந்து வந்துச்சி?" குரலில் சண்டை இல்லை. பயமும் ஆசையும் கலந்த ஏதோ ஒன்றுதான் இருந்தது.

"உள்ளேர்ந்துதாங்க. ரெண்டு பச்சைக்குள்ளயும் ஒளிஞ்சிருந்தது. ஒரு பக்கம் மட்டும் குடுத்தா வெளிய தெரியாது, ரெண்டு பக்கமும் குடுக்கணும்." அதோடு நிறுத்தவில்லை டீச்சர். "மனுசங்க கண்ணுக்கணக்கு குருவிக்கணக்கு மாதிரி இவ்வளவு சுலபம் இல்ல. நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒளிஞ்சிருந்து வர்றது அங்கயும் உண்டு."

அண்ணி கூண்டுக்குக் கிட்டே குனிந்தார். பெட்டையின் பக்கம் திரும்பி, "பாவம், ஒன்னப் போயி என்னென்னமோ நெனச்சிட்டேன்" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இரண்டு கையையும் நீட்டி, "குடு அவள" என்றார். வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "வர்ற வெள்ளிக்கெழமையே காது குத்திடலாம். எம்மா நாளு சும்மா கெடக்குது பாரு இந்தக் காது" என்றார்.

கோயிலில் என் கணவரின் பெரியப்பா ஒருவர், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையை உற்றுப் பார்த்துவிட்டு, "அட, பட்டு அத்த கண்ணுடா இது!" என்று கத்தினார். என் மாமனாரின் அத்தை ஒருவருக்குப் பூனைக்கண்ணாம். கல்யாணமாகித் தூர ஊருக்குப் போனவரை எல்லோரும் மறந்தே போயிருந்தார்கள். அண்ணி அலட்டிக்கொள்ளவில்லை. "அத நீ இப்பதான் சொல்றியா? நாங்க குருவிய வச்சே கண்டுபுடிச்சிட்டம்" என்றார். அந்த வருஷமே அவர் வீட்டில் பெரிய கூண்டு வந்துவிட்டது. வாராவாரம் டீச்சருக்குப் போன் போட்டு, எந்த ஜோடிக்கு என்ன நிறம் என்று மணிக்கணக்கில் பேசுவார். எனக்குக்கூட டீச்சரோடு அவ்வளவு பேச்சு இருந்ததில்லை. கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும்.

நீலம் வராமலே போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று பிற்பாடு ஒருநாள் கேட்டேன். "அடுத்த ஜோடியக் குடுத்திருப்பேன். அதுவும் இல்லன்னா அதுக்கடுத்தது. உங்க அண்ணி வீடு நெறையக் குருவியா ஆகியிருக்கும். அவ்வளவு குருவி இருக்கற வீட்ல ஒருத்தர் எத்தன நாள் கோவமா இருக்க முடியும்?" என்று சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

தேன்மொழிக்கு இந்த வருஷம் ஆண் குழந்தை பிறந்தது. டீச்சருக்கு உடம்பு முடியாமலிருந்ததால் நாங்களே வடலூருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். படுத்தபடியே குழந்தையை வாங்கி முதலில் காதைப் பார்த்தார், பிறகு கண்ணைப் பார்த்தார். நல்ல கறுப்பு. "எங்கள மாதிரியே கரிக்கட்டை டீச்சர், பூனைக்கண்ணு போயிடுச்சு" என்றேன். அவர் தலையசைத்து மறுத்தார். "போகல வசந்தி. உள்ள போய் உக்காந்திருக்கு. இவனுக்குப் பொறக்கறதோ, அதுக்குப் பொறக்கறதோ, எப்பவோ ஒருநா வெளிய வரும். அப்ப நீயும் இருக்க மாட்ட, நானும் இருக்க மாட்டேன்." குழந்தையின் உள்ளங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "வர்ற புள்ள பயந்துடாம இருக்கணும். அன்னிக்கு அந்த வீட்ல இருக்கப்போறவங்களுக்குத் தெரியற மாதிரி இப்பவே சொல்லி வை."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பொறுப்பைத்தான். தேன்மொழியிடம் சொல்லிவிட்டேன். பேரனுக்குப் பேச்சு வந்ததும் அவனிடமும் சொல்வேன். நான் பார்க்கப்போகாத ஒரு குழந்தை, என்றோ ஒரு நாள் பூனைக்கண்ணைத் திறந்து பார்க்கும். அப்போது யார் ஜாடை என்று யாராவது கேட்டால், பதில் அந்த வீட்டில் தயாராக இருக்கும்.