சிக்னல் வந்ததும் அனுப்புவது யார் சொத்து?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தங்கை மகன் கார்த்திக் வந்தான். செருப்பைக் கழற்றியவன் உட்காரவில்லை. ஹாலுக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டே இருந்தான். காபியை நீட்டினால், "நக்கோ பெரியம்மா" என்றான். அவனாவது, காபி வேண்டாம் என்பதாவது?

கொண்டாப்பூரில் நண்பர்கள் இரண்டு பேரோடு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறான். மல்லாபூர் ஃபேக்டரிகளுக்காக ஒரு ஆப் செய்தார்கள். மெஷின் ரீடிங்கைத் தொழிலாளி போனில் பதிவார். தகர ஷெட்டுக்குள் சிக்னல் ஏது? அதனால் போன் அதைச் சேமித்து வைத்துக்கொள்ளும். வெளியே வந்து சிக்னல் கிடைத்ததும் தானாக அனுப்பிவிடும். இவ்வளவுதான் சங்கதி.

இதைப் பார்த்து அமெரிக்காவில் ஒரு கஸ்டமர் கிடைத்தார். அவரை நம்பி புதிதாக ஆள்கூட எடுத்துவிட்டார்கள். பின்னாலேயே வந்தது நோட்டீஸ்... 'சிக்னல் இல்லாதபோது சேமித்து, கிடைத்ததும் அனுப்பும் முறை'க்கு அங்கே ஒரு கம்பெனி காப்புரிமை – அதாங்க, பேடன்ட் – வாங்கி வைத்திருக்கிறதாம். எந்த மெஷின், எந்த புரோகிராம் என்றெல்லாம் கிடையாது. சேமித்து அனுப்பினாலே அவர்கள் சொத்து. நாளைக்கு, மழை விட்டதும் வெளியே போவதற்கும் யாராவது பேடன்ட் வாங்குவார்களோ?

அவன் தேடி வந்தது என் கணவரை. பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர்.

"பெரியப்பா, உங்க லேப்ல இந்த மாதிரி ஏதாவது செஞ்சிருக்கீங்களா? அவங்களுக்கு முன்னாடியே யாரோ செஞ்சிருக்காங்கன்னு காட்டினா அந்த பேடன்ட் நிக்காது."

அவர் பேப்பரை மடித்தார். "செஞ்சிருந்தாலும் சொல்ல முடியாதுடா. கையெழுத்து போட்டுக் கொடுத்திருக்கேன்."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். "பிள்ளை தவிக்கிறான். ரிடையர் ஆனப்புறமும் என்ன ரகசியம்?"

"சொன்னாலும் பிரயோஜனம் இல்ல. பூட்டி வெச்சது கணக்குல வராது. நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"ஹவ்" என்று தலையாட்டினான். "லாயரும் அதேதான் சொன்னார்" என்றான் கார்த்திக். "நெட்ல கிடைச்ச பழைய உதாரணமெல்லாம் அந்த கம்பெனிக்கு அனுப்பிட்டோம். அது வேற, இது வேற, கோர்ட்ல பார்த்துக்கலாம்ங்கறாங்க. அமெரிக்கா கோர்ட்டுக்கு நாங்க எங்க போறது?"

யோசித்துப் பாருங்கள்... காரியத்தைச் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தவர் கணக்கிலேயே இல்லை. ஓடிப்போய்ப் பதிந்தவர் கண்டுபிடிப்பாளர். கல்யாண வீட்டில் சமைத்தவரை விட்டுவிட்டு, பரிமாறுகிறவரிடம் "சாம்பார் பிரமாதம்" என்போமே, அந்தக் கதைதான்.

புதன்கிழமை போன் செய்தான். அமெரிக்கக் கஸ்டமரை விட்டுவிட்டார்களாம். "புதுசா சேர்ந்த பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல பெரியம்மா." எனக்கு அன்று முழுக்க எந்த வேலையும் ஓடவில்லை.

போனை வைக்கும் முன் இன்னொன்றும் கேட்டான். "அடுத்ததா ஒண்ணு செஞ்சிட்டிருக்கோம். இதையாவது யாரும் தூக்கிட்டுப் போகக்கூடாது. பேடன்ட் எடுக்க எங்களால ஆகாது. நீங்க வாரா வாரம் எழுதறீங்கல்ல, அதுல போட்டுடுங்க. தேதியோட அச்சுல வந்துட்டா அது பப்ளிக்."

கணவரிடம் சொன்னேன். வீட்டு விஷயத்தையெல்லாம் எழுதிவிடுகிறேன் என்று வருடக்கணக்காக என்னிடம் கோபித்துக்கொள்பவர். "எழுது. ஒண்ணு விடாம எழுது" என்றார்.

இதோ: ஷெட்டுக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் போன்கள், ஒன்றின் ரீடிங்கை மற்றது வாங்கி வைத்துக்கொள்ளும். யார் முதலில் டீ குடிக்க வெளியே போகிறாரோ, அவருடைய போன் எல்லோருடையதையும் சேர்த்து அனுப்பிவிடும்.

படித்துவிட்டீர்கள் அல்லவா? நீங்கள்தான் சாட்சி.