சிவந்த முனை

ஜெலுத்தோங்கில் அக்காவின் ஃப்ளாட்டில்தான் இருந்தேன். பால்கனியில் மூன்று தொட்டிகளுக்கு மட்டும் அனுமதி. தொட்டிக்கு ஒன்றாக, ஆப்பிரிக்காவில் மழையே அதிகம் காணாத பக்கத்துப் பூச்செடிகளின் வெங்காயம்போன்ற கிழங்குகள். நாக்கைப்போல இரண்டு இலைகளை விரித்து, அவையும் காய்ந்து, பல மாதம் செத்ததுபோலக் கிடக்கும். நான்கு வருடமாகப் பூக்கவில்லை.

"இந்த வருஷமும் பூக்கலன்னா மூணையும் குப்பையில கொட்டிருவேன். வெங்காயம் வேணும்னா பசார்ல வாங்கிக்கலாம்லா," என்றாள் அக்கா.

கிழங்குகளோடு வந்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது. நான் பாரம் இரண்டோடு, பதினாலு வயதில், பள்ளியை விட்டவள். அக்கா ஆபீஸ் கிளார்க். அவள்தான் படித்துச் சொன்னாள்: இலை காய்ந்தபின் தண்ணீர் கூடாது.

மழை இருட்டினாலே, சாரலில் கிழங்கு அழுகிவிடுமோ என்றுதான் நினைப்பேன். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் மண்ணை விலக்கிப் பார்ப்பேன்.

ஒரு சாயங்காலம், பெரிய கிழங்குகள் இரண்டின் உச்சியிலும் சிவந்த முனை. கீழ்வீட்டு ஆன்ட்டியின் லில்லிக் கிழங்கு இப்படிச் சிவந்துதான் அழுகியது. சமையலறைக் கத்தியை எடுத்து வந்தேன். வெட்டி எறிந்து, வெட்டுக்காயத்துக்கு வைப்பதுபோல மஞ்சள் தூளை அப்பினேன். அக்கா தேத்தண்ணிக் கோப்பையோடு கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டு," என்றாள்.

மறுவாரம், வெட்டிய இரண்டும் உள்ளே குழைந்துபோனதும், அழுகலைப் பற்றித் தாளில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"அது அழுகல் இல்லடி, மொட்டு. செவப்பாத்தான் வரும்னு போட்டிருக்கு."

"ஏன்க்கா சொல்லல?"

"தண்ணி எப்ப ஊத்தணும்னுதானே கேட்ட? ஸ்கூல ஒழுங்கா முடிச்சிருந்தா நீயே படிச்சிருக்கலாம்லா."

குப்பைப் பையின் வாயை அவளே விரித்துப் பிடித்தாள். குழைந்த இரண்டையும் போட்டேன். சிறியதை மட்டும் பழைய பேப்பரில் சுற்றி ஃபேக்டரிக்குக் கொண்டுபோய், என் லாக்கருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த லாக்கரில் வைத்தேன். அழுகியிருக்குமோ என்ற பயத்தில் பிறகு திறக்கவே இல்லை.

மாதங்கள் கழித்து, புது ஆள் வருகிறாள், காலி செய் என்றார்கள். திறந்தேன். மண்ணும் தண்ணீரும் வெளிச்சமும் இல்லாமல் பேப்பரைக் கிழித்துக்கொண்டு தண்டு ஏறியிருந்தது. பூ தகரக் கதவில் முட்டி வளைந்து, கருஞ்சிவப்பாகக் காய்ந்திருந்தது. தொட்டதும் உதிர்ந்தது.

வீட்டில் அக்கா கேட்டாள்: "ஒன்னை ஒளிச்சு வெச்சியே, என்னாச்சு?"

"அழுகிப்போச்சு," என்றேன்.

"நான் அப்பவே சொன்னேன்ல," என்று எனக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றினாள். அன்று சீனி அதிகமாகவே போட்டிருந்தாள்.