அப்பாவின் குழியில் ஒரு குழந்தை

எதிர்வீட்டில் நேற்று மாட்டுக்கொட்டகைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஈரச் சுண்ணாம்பு வாடை வந்தால் மற்றவர்களுக்குக் கல்யாண வீடு ஞாபகம் வரும். எனக்குக் கும்மிடிப்பூண்டி கல்லறைத் தோட்டம்தான் வருகிறது. என் மூக்கு அப்படி.

எழுபதுகளில் அப்பா இரும்புக் கம்பெனி உலையில் வெந்து செத்துப்போனார். பெட்டியைத் திறந்து முகம் காட்டவில்லை. மூடிய மண்மேடுதான் அம்மாவுக்கு அவர் முகம். கல்லறை கட்ட வசதியில்லை. ஒரு மரச்சிலுவை, சுற்றிலும் செங்கல். கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் புல் செதுக்கி, செங்கல்லுக்குச் சுண்ணாம்பு பூசுவோம்.

அப்பா போய் ஐந்தாறு வருஷம் ஆனபோது நான் போல்ட்டு நட்டு பொட்டலம் கட்டும் வேலையில் சேர்ந்திருந்தேன். நினைப்பு என்னவோ கலெக்டர் உத்தியோகம். அந்த வருஷம் சுண்ணாம்பு வாளியைத் தாவணியால் மறைத்துக்கொண்டே தெருவில் நடந்தேன்.

போய்ப் பார்த்தால் எங்கள் சிலுவை இல்லை, செங்கல்லும் இல்லை. புது மண், அதன்மேல் சின்னதாக வேறொரு சிலுவை.

குழி வெட்டுகிற அந்தோணி ஓடி வந்தார். "இன்னாம்மா பண்றது, எடமே இல்ல. கட்டாத குழிய திரும்பத் தோண்டறது வயக்கம்தான? உன் ஊட்டுக்காரர் எலும்ப அடியில பதனமா வெச்சிட்டுத்தான் கொயந்தைய எறக்கினேன்."

அம்மா மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இனிமே நான் எங்க போயி அவர பாக்கறது?" என்றாள். எனக்கு அந்தோணியை அடிக்கலாம் போல ஆத்திரம்.

அந்த நேரம் பார்த்து ஒரு இளம்பெண் மெழுகுவத்தியோடு வந்து நின்றாள். ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து புருஷன் வேலைக்காக வந்தவள். காய்ச்சலில் போன அந்தக் குழந்தை அவளுடையது. விஷயம் புரிந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்களுக்குத் தெரியாதுக்கா. பாப்பாவ எடுக்கச் சொல்லிடாதீங்க."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாப்பா நடக்குமா?"

"இல்லக்கா. தவந்துகினு இருந்திச்சி."

"கடைசி நாள்ல ஆண்டவரு எல்லாரையும் எயுப்பறப்ப, அது எப்டி தனியா மேல வரும்? எங்க ஊட்டுக்காரரு தூக்கிக்கினு வருவாரு. நீ அயுவாத."

மறுநாள் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கையில், மேட்டுக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அவள், இருவரும் முழங்காலில் இருந்தார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில், அந்தப் பெண்ணின் காதில் விழாத தூரம் வந்தபிறகு அம்மா சொன்னாள்: "தனியா கெடந்தாரு. தொணைக்கு ஒண்ண அனுப்பிச்ச ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்." அந்த நன்றியைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. இன்றும் பயம்தான்.

சில வருஷம் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். பிறகு புருஷனுக்கு வேலை போய், அவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். அம்மா இருந்தவரை இரண்டு பேருக்கும் மெழுகுவத்தி ஏற்றினாள். இப்போது அம்மா அதே தோட்டத்தில் வேறொரு மூலையில் கிடக்கிறாள்.

கல்லறைத் தோட்டத்தை மேடாக்கிக் கட்டியபோது அப்பா இருந்த வரிசை சிமெண்டுப் பாதைக்குள் போய்விட்டது. அந்தப் பாதையிலேயே குத்துமதிப்பாக ஓரிடத்தில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றுகிறேன். திருநாளன்று கூட்டம் அதிகம். யாராவது நடந்து வந்தால் அணைத்து எடுத்துக்கொண்டு வழிவிட வேண்டியிருக்கிறது.