சிவமலர் அக்கா சூரிச்சில் எடுத்த அறை

வியாழக்கிழமை காலை கடையைத் திறந்துகொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. சிவமலர் அக்கா காலமாகிவிட்டார். இனி எல்லோரும் அவரைச் சாந்தமானவர், எதையும் பொறுத்தவர் என்று எழுதுவார்கள். நான் எழுதமாட்டேன். அக்கா பழிவாங்கினார். அதைத் திருத்தமாகச் செய்தார்.

ஓமந்தைக்காரரான அவர் வவுனியாவில் உழவு இயந்திர உதிரிப்பாகங்கள் விற்றார். பக்கத்தில் என் கைத்தொலைபேசிக் கடை. அவருடைய அண்ணன் சூரிச்சுக்குப் போனபோது விட்டுச்சென்ற மகள் துளசியைப் பத்து வயதுவரை வளர்த்தவர் அக்காதான். பிள்ளை தகப்பனிடம் போய்ச் சேர்ந்த பிறகு, யுத்தத்தின் கடைசி மாதங்களில் ஷெல் துண்டொன்று அக்காவின் இடது கன்னத்தைக் கிழித்தது. தழும்பு வாயைக் கோணலாக இழுத்து வைத்திருந்தது.

துளசிக்குக் கலியாணம் நிச்சயமானதும் அக்கா சேலைகூட எடுத்துவிட்டார். அண்ணன் தொலைபேசியில் பேசியபோது நானும் கூட இருந்தேன்; ஸ்பீக்கர் போட்டிருந்தது.

“வீடு சின்னன் பிள்ளை. ஹோட்டல்ல நிக்கிறதெண்டால் இஞ்சத்தை விலைக்கு உன்ர கடையை வித்தாலும் காணாது.”

தொலைபேசியை வைத்துவிட்டதாக நினைத்திருப்பார். பின்னால் அண்ணியின் குரல் கேட்டது: “நல்லாச் சொன்னியள். அந்த முகத்தோட சம்பந்திமாருக்கு முன்னால வந்து நிண்டால் எங்கட மானம் என்னாகிறது?”

அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பை நானும் கேட்டேன்.

அக்கா அழவில்லை. அன்றிலிருந்து துளசியின் அழைப்புகளையும் எடுக்கவில்லை. கலியாணப் படங்கள் முகநூலில் வந்தபோது மட்டும் என்னிடம் கேட்டார்: “றிஸ்வான், சம்பந்திமார் நிண்ட ஹோட்டல் எது எண்டு பாத்துச் சொல்லு.”

ஏரிக்கரையில் அரண்மனைபோல ஒரு ஹோட்டல். அதன்பின் கொழும்பிலிருந்து எடுக்கும் கடைச் சாமான்கள் எல்லாவற்றுக்கும் அக்கா கடனட்டையையே நீட்டினார். மாதம் தவறாமல் முழுவதையும் கட்டி, புள்ளிகளைச் சேர்த்தார். வங்கிப் பிள்ளை ஒருநாள், “அன்ரி, இந்தப் பொயின்ற்ஸுக்கு றைஸ் குக்கர் எடுக்கலாம்” என்றாள். “சோறாக்க என்னட்டப் பானை இருக்கு” என்றார் அக்கா.

ஐந்து வருடம் கழித்து, அந்தப் புள்ளிகளை ஹோட்டல்காரரின் அங்கத்தவர் கணக்குக்கு மாற்றி நான்கு இரவுகள் பதிவுசெய்தோம். பொத்தானை அக்காவே அழுத்தினார். அந்தப் பதிவையும் காட்டித்தான் விசாவும் கிடைத்தது.

சூரிச்சில் இறங்கியதும் அண்ணன் குடும்பத்தை ஹோட்டலுக்குத் தேத்தண்ணி குடிக்க அழைத்தார். துளசியையும் கூப்பிட்டார்.

அண்ணன் கூரையையும் விளக்குகளையும் பார்த்துவிட்டு, “ஆர் கட்டினது?” என்றாராம்.

“என்ர கடை. உங்கட வீடு சின்னன்தானே அண்ணா? இஞ்ச கட்டில் பெரிசு. வேணுமெண்டால் நிண்டுட்டுப் போங்கோ.”

துளசி ஓடிவந்து கேட்ட முதல் கேள்வி, “ஏன் மாமி என்ர கலியாணத்துக்கு வர விருப்பமில்லை எண்டு சொன்னனீங்கள்?”

அக்கா தேத்தண்ணியைக் குடித்தபடி அண்ணனைப் பார்த்தார். தகப்பன் முகத்தைப் பார்த்தே துளசி எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டாள். அந்த நான்கு இரவும் அவள் மாமியோடுதான் படுத்தாள். தகப்பனோடு கதைப்பதை அன்றோடு நிறுத்தினாள்.

திரும்பி வந்தவரிடம், “இனியாவது மன்னிச்சிடலாமே அக்கா?” என்றேன். “விசரே உனக்கு? இப்பதான் எனக்கு நல்ல நித்திரை வருது” என்றார்.

வருத்தம் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் கையில் ஒரு கடிதம் தந்தார். செத்தவீட்டுக்குத் துளசி வந்திருந்தாள்; அண்ணனும் பறந்து வந்து, கொள்ளி வைக்க வேட்டியோடு தயாராக நின்றார். நான் எல்லோர் முன்னும் கடிதத்தை வாசித்தேன்: கொள்ளி வைப்பது துளசி. அண்ணன் சுடலைக்கு வரக்கூடாது.

“கூடப்பிறந்தவன் நான். இதை வாசிக்க நீ ஆர்?”

“பக்கத்துக் கடைக்காரன்” என்றேன்.

பெண்பிள்ளை சுடலைக்குப் போவதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். துளசி எவரையும் பார்க்காமல் கொள்ளிக்குடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தாள். சனம் அவளுக்குப் பின்னால் போனது.

ஒழுங்கை திரும்பும் முடக்கில் நான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன், அக்கா. உங்கள் அண்ணன் வாசல் படலையைப் பிடித்தபடி தனியே நின்றார். ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. நீங்கள் நிம்மதியாகப் போங்கோ.