ஒரே சேறு, இரண்டு உடம்பு

நாலு வருஷத்துக்கு முன்பு, திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் வயலில் சம்பா நடவு. ஆள் கிடைக்கவில்லை, லீவில் இருந்த நானும் தம்பியுமே சேற்றில் இறங்கிவிட்டோம். எவனோ குடித்துவிட்டு எறிந்த பாட்டில் உள்ளே உடைந்து கிடந்து என் காலைக் கிழித்தது. என்னவென்று பார்க்க வந்த தம்பியும் அதே துண்டை மிதித்தான்.

எங்கள் பக்கம் வயலில் காயம் பட்டால் அந்தச் சேற்றையே அள்ளி அப்பிக்கொள்வார்கள். ரத்தம் நிற்கும், வேலை நிற்காது. நான் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவள். கிருமிகளைப் பற்றி வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறவள். படிப்பையும் செருப்போடு சேர்த்து வரப்பில் கழற்றி வைத்துவிட்டேன் போலிருக்கிறது. என் காலில் அப்பிக்கொண்டேன். தம்பி பம்புசெட்டில் கழுவப் போனான். "இங்க வாடா, பெரிய தொரை!" என்று இழுத்து அவன் காலிலும் நானே அப்பினேன்.

மூன்றாம் நாள் எனக்குப் பொருக்குத் தட்டிவிட்டது. அன்றைக்குத்தான் அவனுக்குக் குளிர் நடுக்கம் கண்டது. சாயங்காலத்துக்குள் பேச்சு குழறி, மூச்சு வாங்கியது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, கிருமித் தொற்று உடம்பு முழுவதையும் பாதித்துவிட்டது, செப்சிஸ் என்றார்கள். ஐந்து நாள் ஐ.சி.யூ. கதவுக்கு வெளியே உட்கார்ந்து என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி மனைவி எனக்கும் சேர்த்துக் காப்பி வாங்கி வந்து நீட்டினாள். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

ஆறாம் நாள் காலை டாக்டரம்மா வெளியே வந்து, "இனி பயமில்லைங்க" என்றார். நான் அவரை மறித்துக் கேட்டேன்.

"நான் பூசுன சேறுதானே டாக்டர்? எனக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகல?"

"பூசுனது தப்புதாங்க. ஆனா அதே கிருமி உங்களுக்குள்ளயும் போயிருக்கலாம். அதை உடம்பு எதிர்க்குற விதம் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு அந்த எதிர்ப்பே அளவு மீறிப் போயி சொந்த உறுப்புகளையே கெடுத்துடும். அதுல மரபணுவுக்கும் ஒரு பங்கு இருக்கு. கூடப் பொறந்தவங்களுக்கே ஒண்ணு போல அமையாது."

"யாருக்கு இப்படி ஆகும்னு முன்னாடியே டெஸ்ட் எடுத்துப் பாக்க முடியாதா?"

"ஒரு மரபணுன்னா பாத்துடலாம். இது பலது சேந்து செய்யுற வேலை, உறுதியா சொல்ல முடியாதுங்க. அதனால யாரா இருந்தாலும் சோப்பு போட்டுக் கழுவுங்க. காய்ச்சல் வந்தா அன்னிக்கே கிளம்பி வாங்க."

எனக்குப் பாதி பாரம் இறங்கியது. மீதிப் பாதி என்னுடையதுதான், அதை யார் தலையிலும் கட்ட முடியாது.

உள்ளே விட்டார்கள். தம்பி கண் திறந்திருந்தான், உதடு வெடித்திருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஐந்து நாளாக வார்த்தைகளைச் சேர்த்துவைத்திருந்தேன். அதற்குள் அவன் பேசிவிட்டான்.

"ஒன் கால் எப்படிக்கா இருக்கு?"

ஆறிவிட்டது என்று சொல்வதற்குள் ஓவென்று அழுதுவிட்டேன். நர்ஸ் ஓடிவந்து, மற்ற நோயாளிகள் பயந்துபோவார்கள் என்று என்னை வெளியே அனுப்பினார்.