பரந்தாமன் அண்ணன் கட்டிய பூசை அறை

“நாளைக்கே பெயிண்ட் அடிச்சிடலாமா தம்பி?” என்று எங்கள் அறையில் அவர் போட்ட புதுப் பலகைத் தடுப்பைப் பார்த்து அம்மா கேட்டார்.

“அவசரப்பட்டா கொப்புளம் வரும்லா அக்கா,” என்றார் பரந்தாமன் அண்ணன். “பலகை சேர்ற இடத்துல ஒட்டுற காகித டேப்புக்கு அடியில பிளாஸ்டர் மாவு நிறைய இருக்கணும். அழுத்தி, காத்தை வெளியேத்தணும்.”

“அப்படியும் வந்தா?”

“என் வேலையில வராதுக்கா. மத்தவன் வேலையில வந்தா, கத்தியால கீறி, மாவு வச்சு அழுத்தி, ஒருநாள் காய விடணும்.”

பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, லாரி ஓட்டி, நாற்பது வயதில் இந்தப் பலகைச் சுவர் போடும் தொழிலுக்கு வந்தவர் அவர். யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் முதலில் சுவரைத் தடவிப் பார்ப்பார்; பிறகுதான் சோறு.

சென்ற ஆண்டு குனோங் ராபாட்டில் சொந்த வீடு வாங்கி, கூடத்தை அதே பலகையால் தடுத்துப் பூசை அறை கட்டினார். பால் காய்ச்சும் நாளன்று, தன் வேலையைக் காட்டவே புதிய வாடிக்கையாளர்கள் மூவரை அழைத்திருந்தார். ஐயர் குறித்த நாள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. முந்தின நாள்தான் டேப் ஒட்டி, மாலையே பெயிண்டும் அடித்தார்.

காலையில் நான் போனபோது, சுவரின் நடுவில் பூரி போல் ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது. கீறிச் சரிசெய்ய நேரமில்லை. வாசலில் வாடிக்கையாளர்களின் கார் வந்து நின்றது. அண்ணன் என்னிடம் ஓடி வந்தார்.

“தங்கச்சி, நீ உயரமா இருக்க, யார்கிட்டயும் அதிகம் பேசவும் மாட்ட. அவங்க சாப்பிட்டுப் போற வரைக்கும் அந்தச் சுவத்துக்கு முன்னால நில்லுமா. சாஞ்சிடாத, பெயிண்ட் இன்னும் காயல.”